இனம்: எருமை

நம் மாநிலத்தில் இப்போது கறுப்பாக யாரும் கிடையாது. நேரில் உண்டு, படத்தில் கிடையாது. எந்தக் கைபேசியை வாங்கினாலும் அதன் காமிராவுக்குப் பின்னால் 'எழிலி' என்று ஒரு சில்லு உட்கார்ந்திருக்கிறது. படம் எடுக்கிற நொடியிலேயே அது ஆளின் தோலைக் கண்டுபிடித்து, கழுவித் துடைத்து, மாநிறத்துக்கு மேலே இரண்டு படி ஏற்றி, அதற்கப்புறம்தான் நமக்குக் காட்டும். முன்பு ஸ்டூடியோக்காரர் உட்கார்ந்து தட்டித் தட்டிச் செய்த வேலை. ஆரம்பத்தில் வேண்டாதவர்கள் அணைத்துக்கொள்ள ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். ஒரு ஆத்மாகூட அதை அழுத்தவில்லை. அடுத்த மாடலில் பொத்தானை எடுத்துவிட்டார்கள்.

எனக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை, பொய் சொல்வானேன். என் பெயர் கோகிலவாணி. உடுமலைக்குத் தெற்கே கருவேலாம்பாளையத்தில் கிராம சுகாதார நர்ஸ். என் அடையாள அட்டையில் இருக்கிற பெண்மணியை நான் நேரில் பார்த்ததே இல்லை. ரொம்ப லட்சணமாக இருப்பாள். கழுத்தில் போட்டுக்கொண்டு சுற்ற வெட்கமாக இருக்காதா என்று கேட்டால், முதல் மாதம் இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

இரண்டு வருடம் முன்பு அரசாங்கம் எங்கள் கையில் 'நலக்கண்' என்று ஒரு டேப்லெட்டைக் கொடுத்தது. பிறந்த குழந்தையின் மேல் அதை ஒரு முழ உயரத்தில் பிடிக்க வேண்டும். தோல் நிறத்தைப் பார்த்து அதுவே முடிவு சொல்லும். சிவப்பு எரிந்தால் ஆம்புலன்ஸ் வரும், படுக்கை கிடைக்கும், ரத்தப் பரிசோதனை நடக்கும், எல்லாம் தன்னாலே. பச்சை எரிந்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம், நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். அதற்கு முன்பு குழந்தையை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து, நெற்றியிலும் நெஞ்சிலும் கட்டை விரலால் அழுத்தி, வெளுத்த இடத்தில் மஞ்சள் தெரிகிறதா என்று நாங்களே பார்ப்போம். பயிற்சிக்கு வந்த அதிகாரி, "உங்க கண்ணு ஆளுக்கு ஆள் மாறும்மா, இது மாறாது" என்றார். படிவத்தில் 'செவிலியர் நேரில் கண்டது' என்று ஒரு கட்டம் இருந்தது. அதையும் தூக்கிவிட்டார்கள். எழுதுகிற வேலை ஒன்று குறைந்ததே என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் ஆறுச்சாமி வீட்டுக்குப் போனேன். ஆறுச்சாமி எருமை வளர்த்துப் பால் ஊற்றுகிறவர். அவர் மகள் தாரணிக்குத் தலைப்பிரசவம், தாய்வீட்டில். உடுமலையில் பெண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நான் போனது நான்காம் நாள்.

"வாங்க நர்சம்மா, வாங்க. எம்பேத்திய வந்து பாருங்க" என்று ஆறுச்சாமி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மனிதர் அசல் தோசைக்கல் நிறம். "எலுமிச்சம்பழமாட்டம் இருக்கறாளுங்க. எங்க வம்சத்துலயே இப்பிடியொரு நெறம் கெடையாது. பாக்கறவீகளெல்லாம் கண்ணு வெச்சுப்போடுவாங்கன்னு பயந்துட்டு வெளியவே காட்டறதில்ல."

உள்ளே போய்ப் பார்த்தேன். எலுமிச்சம்பழம்தான், சந்தேகமில்லை. நெற்றி, நெஞ்சு, தொடை, பாதம் வரைக்கும் எலுமிச்சை. கண்ணை விரித்துப் பார்த்தேன், வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். உள்ளங்காலைச் சுண்டினேன். பச்சைப்பிள்ளை வீலென்று கத்த வேண்டாமா? இது முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி தூங்கியது.

"நேத்திருந்து இப்பிடித்தானுங்கக்கா தூங்கிட்டே இருக்கறா" என்றாள் தாரணி. "பால் குடிக்க எழுப்பவே முடியல. சமத்துப் புள்ளைன்னு எல்லாரும் சொல்றாங்க."

டேப்லெட்டைப் பிடித்தேன். பச்சை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு மதிப்பெண் வேறு. திரையில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு குழந்தை படுத்திருந்தது. யார் வீட்டுக் குழந்தையோ!

"தம்பி, பாப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். மஞ்சக்காமாலை கால் வரைக்கும் பரவியிருக்கு" என்றேன்.

'தம்பி' என்று நான் சொன்னது தாரணியின் கணவன் நிகிலேஷை. கோயம்புத்தூரில் பெரிய வேலை. என்ன வேலை என்று கேட்டீர்களானால், அந்த எழிலி சில்லைச் செய்கிற கம்பெனியிலேயே நிறப்பிரிவுக்குத் தலைவர். ஊருக்கு வந்தவன் நாலு நாளில் மகளை எண்ணூறு படம் எடுத்திருந்தான். கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான்.

"பச்சைன்னு காட்டுதுங்களே சிஸ்டர்."

"காட்டட்டும். நீங்க குழந்தையைப் பாருங்க. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு?"

"பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்" என்று கைபேசியைத் திருப்பிக் காட்டினான். அதிலும் ரோஜாப்பூ. "மனுசக் கண்ணு ரூம் வெளிச்சத்துக்குத் தக்கபடி ஏமாறும் சிஸ்டர். அதுக்குத்தான் மெஷின். தப்பா எடுத்துக்காதீங்க, காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதினேழு வருடம் இந்த வேலை பார்த்தவளுக்குக் காமாலைக் கண்ணாம்! பல்லைக் கடித்துக்கொண்டு நலக்கண் டாக்டரைத் திரையில் கூப்பிட்டேன். அந்த அம்மாள் சென்னையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு நானூறு குழந்தைகளைப் பார்க்கிறார்.

"அய்யோ, என்ன அழகு! நல்ல பிங்க்கா இருக்காளே!" என்றார்.

"மேடம், நேர்ல மஞ்சளா இருக்குங்க. கால் வரைக்கும்."

"ரூம்ல ஜன்னல் ஸ்கிரீன் என்ன கலர்?"

"பச்சைங்க."

"அதான். ரிஃப்ளெக்ஷன். திரையை மாத்தச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த குழந்தைக்குப் போய்விட்டார்.

உடுமலை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "ஸ்கோர் என்னங்க சிஸ்டர்? பச்சையா? பச்சைக்கு எப்படிங்க பெட் குடுக்கறது?" என்றார்கள். நியாயம்தானே! திரைச்சீலையைப் படுக்கையில் போட்டு வைத்தியம் பார்க்க முடியுமா?

"உங்க காரை எடுங்க தம்பி, கோயம்புத்தூருக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்றேன்.

"அங்கயும் நம்ம சில்லுதான் சிஸ்டர்" என்றான். குரலில் அவ்வளவு பெருமை. "இந்தியாவுல நம்ம சில்லு இல்லாத காமிராவே இப்ப கெடையாது."

கோபித்துக்கொண்டு பயனில்லை என்று தெரிந்தது. கெட்டிக்காரனைப் பேசவிட்டால் அவனே உளறுவான். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். "ஏந்தம்பி, இந்தச் சில்லு மஞ்சளை எப்படித்தான் பாக்குது?"

மனிதன் மலர்ந்துவிட்டான். "நல்ல கேள்விங்க சிஸ்டர். தை மாசம் விட்ட அப்டேட்ல அதுதான் பெரிய விஷயமே. என்னோட ஐடியா. நம்ம ஊர்க் கல்யாணத்துல நலங்கு வைக்கறாங்க இல்லீங்களா? பொண்ணு மாப்பிள்ளைக்கு மஞ்சள் பூசி, சந்தனம் பூசி, குளிச்சாலும் மூணு நாளைக்குப் போகாது. மேடைல நிக்கறப்ப முகமெல்லாம் மஞ்சளடிச்சுத் தெரியும். ஸ்டூடியோக்காரங்க பூரா எங்ககிட்டத்தான் சண்டைக்கு வந்தாங்க. கஸ்டமர் எல்லாம், மஞ்சளை எடுத்துட்டுக் குடுங்கன்னு கேக்கறாங்களாம்."

"எடுத்துட்டீங்களா?"

"ரெண்டு லட்சம் கல்யாண ஆல்பத்தைப் போட்டு மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தோம். தோல் மேல மஞ்சள் இருந்தா அது பூசுன மஞ்சள், அதுக்கு அடியில இருக்கற நெறத்தைக் கண்டுபிடிச்சு வெளிய கொண்டா, அப்படின்னு. இதோ பாருங்க." அவன் கல்யாணப் படத்தையே காட்டினான். நலங்கு மேடையில் தாரணி. கிண்ணம் நிறைய மஞ்சள் முன்னால் இருக்கிறது. அவள் முகத்தில் ஒரு துளி இல்லை. வெளிநாட்டுக்காரி யாரோ தவறிப்போய் நம் வீட்டு மணையில் உட்கார்ந்த மாதிரி இருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. அப்ப பூசாத மஞ்சள்னா மெஷின் என்ன பண்ணும் தம்பி?"

"பூசாத மஞ்சளா? தோல்ல எப்படிங்க பூசாம..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"உள்ள இருந்து வர்ற மஞ்சள்."

அவன் கைபேசியில் கல்யாணப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "ஆல்பத்துல அந்த மாதிரி படம் எதுவும் இல்லீங்க. ஆனா ஹெல்த் டிபார்ட்மெண்டுக்கு வேற வெர்ஷன் போயிருக்கும் சிஸ்டர்."

"போயிருக்குமா, போச்சா?"

"அது வேற டீம்ங்க."

சும்மா சொல்லக்கூடாது, நம் நாட்டில் எல்லாக் கேள்விக்கும் இந்தப் பதில் ஒன்று தயாராக இருக்கிறது. ஆனால் அவன் கை குழந்தையின் நெற்றிக்குப் போனது. தொட்டுப் பார்த்தான். பிறகு கைபேசியைப் பார்த்தான். மறுபடி குழந்தை, மறுபடி கைபேசி. கைபேசி ரோஜாப்பூ என்றது. "ஸ்கோர் தொண்ணூத்தாறு இருக்கே" என்று முனகினான். பெற்ற பிள்ளை கண்முன்னே மஞ்சளாய்க் கிடக்கிறது. இவன் மதிப்பெண்ணோடு மல்லுக்கட்டுகிறான்! அவனுக்கு ஒரு திரையில் காட்டினால்தான் ஏறும். காட்டுவதற்கோ நாட்டில் ஒரு காமிரா இல்லை.

"ஏனுங்க, அக்கா சொல்றதைத்தான் கேளுங்களேன்" என்று தாரணி அழ ஆரம்பித்தாள். "பால் குடிச்சு எட்டு மணி நேரமாச்சுங்க."

மாமனார் சொன்னால் கேட்பான் என்று ஆறுச்சாமியைத் தேடிப் பின்பக்கம் கட்டுத்தரைக்குப் போனேன். அவர் ஓர் எருமைக் கன்றின் வாயைப் பிளந்து, இன்னொரு கையால் கைபேசியைப் பிடித்துக் கால்நடை டாக்டரிடம் காட்டிக்கொண்டிருந்தார். கன்று இரண்டு நாளாகக் கழிகிறதாம். எங்களுக்கு நலக்கண் மாதிரி அவர்களுக்கும் ஒரு செயலி இருக்கிறது.

"ஈறு வெளுத்திருக்குங்க ஆறுச்சாமி. ரத்தம் கம்மி" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு ஈறு முக்கியமில்லை. திரையில் கன்றின் தாடையைப் பிடித்திருந்த கையைத்தான் பார்த்தேன். ஆறுச்சாமியின் கை. கறுப்பாக இருந்தது. நகக்கண் தெரிந்தது, அரிவாள் வெட்டின பழைய தழும்பு தெரிந்தது. ஒரு மனிதத் தோலை அதன் சொந்த நிறத்தில் திரையில் பார்த்துப் பத்து வருடம் ஆகியிருக்கும். என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"தம்பி! இங்க ஓடி வாங்க! உங்க மாமா கையைப் பாருங்க!"

நிகிலேஷ் ஓடி வந்தான். பார்த்தான். "கால்நடை மோடு" என்றான் மெல்ல. "அதுல எழிலி ஓடாதுங்க சிஸ்டர். முகம் தெரியாத வரைக்கும் சும்மா கெடக்கும்."

"ஏன்?"

"மாட்டைச் செவப்பாக் காட்டச் சொல்லி யாரும் கேக்கலைங்களே."

"புரிஞ்சுதா? பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க."

ஆறுச்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கொடுத்தார். 'புதிய கால்நடையைச் சேர்க்க' என்று இருந்ததை அழுத்தினேன். இனம் என்ன என்று கேட்டது: பசு, எருமை, செம்மறி, வெள்ளாடு, கோழி. எருமை என்று போட்டேன். வயது நான்கு நாள். ஆணா, கிடேரியா? கிடேரி. காது வில்லை எண்ணும் கேட்டது. அது இல்லாமல் நகராது. புதுக் கன்றுக்கென்று வாங்கி வைத்திருந்த வில்லை ஒன்றை ஆறுச்சாமி மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பன்னிரண்டு இலக்கத்தையும் தட்டினேன்.

தாரணி குழந்தையை ஒரு வெள்ளைத் துணியில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். கைபேசியைக் குழந்தைக்கு நேரே பிடித்தேன். ஒரு கணம் மஞ்சள் தெரிந்தது, உடனே ரோஜாப்பூவாகிவிட்டது.

"முகம் தெரிஞ்சா எழிலி முழிச்சுக்கும்" என்றான் நிகிலேஷ். தோளில் கிடந்த துண்டை எடுத்து மகளின் முகத்தை அவனே மூடினான். மனுஷக் குழந்தை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று மூடினான்.

திரையில் வயிறு தெரிந்தது, கால் தெரிந்தது. வெள்ளைத் துணியின் மேல் மஞ்சளைக் குழைத்து வைத்த மாதிரி மஞ்சள். நான் நெஞ்சில் விரலை அழுத்தி எடுத்தேன். அழுத்தின இடமும் மஞ்சள்.

நிகிலேஷ் குனிந்து திரையைப் பார்த்தான். கண்ணெதிரே நாலு நாளாகக் கிடந்த பிள்ளையை நம்பாதவன் ஐந்தங்குலத் திரையைப் பார்த்ததும் நம்பினான். அவனைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை வந்தது. நேரம்தான் இல்லை.

"யோவ் ஆறுச்சாமி, இதென்னய்யா கன்னு? ரோமமே இல்ல!" என்று கைபேசிக்குள்ளிருந்து டாக்டர் சத்தம் போட்டார். அவர் பெயர் இன்பசேகரன். "இரு இரு... இதென்ன, காலு... அடப்பாவிகளா, இது குழந்தை! என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்லைங்க டாக்டர். நான் நர்ஸ் பேசறேன். மஞ்சள் தெரியுதுங்களா?"

"தெரியுதாவா? கண்ணைக் கூசுதும்மா! கன்னுக்குட்டியா இருந்தா இந்நேரம் ஊசி போட்டிருப்பேன். இன்னும் என்ன நின்னு பேசிட்டிருக்கீங்க, தூக்கிட்டு ஓடுங்க! நான் ரிப்போர்ட் அனுப்பறேன்."

காரில் கிளம்பினோம். தெருமுனை திரும்பும்போது சைரன் அலறிக்கொண்டு கால்நடை ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. டாக்டர் 'அவசரம்' என்று அழுத்தியிருந்தார் போலிருக்கிறது. பச்சைக் குழந்தைக்கு வராத வண்டி எருமைக்குப் பதினோரு நிமிடத்தில் வந்துவிட்டது. டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னதும் அந்த மகராசன் ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியைத் திருப்பி, சைரனைப் போட்டு, உடுமலை வரைக்கும் எங்களுக்கு வழி விலக்கிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காமிரா. பச்சை. "பச்சைக்கு ஓ.பி. நாளைக்குத்தானுங்க" என்றார் காவலாளி. நான் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன், அவ்வளவுதான் சொல்வேன். பணியில் இருந்த சின்ன வயது டாக்டர் பெண் ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தாள். 'இனம்: எருமை. பாலினம்: கிடேரி. கடுமையான காமாலை. உடனடிச் சிகிச்சை.' சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்துக்கொண்டே துணியை விலக்கினாள். சிரிப்பு நின்றது. உடனே ஊசி போட்டுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தாள்.

ரத்தத்தில் காமாலை அளவு இருபத்தாறு. பன்னிரண்டு இருந்தாலே நான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

"இன்னும் ஒரு நாள் போயிருந்தா மூளைக்கு ஏறியிருக்கும்" என்றாள் அவள். "உயிர் நின்னாலும் காது போயிருக்கும். கை கால் விறைச்சுப் போயிருக்கும். யாருங்க இதைக் கண்டுபிடிச்சது?"

"மாட்டு டாக்டருங்க" என்றார் ஆறுச்சாமி.

ரத்தம் மாற்றினார்கள். நீல விளக்கின் கீழே மூன்று நாள் போட்டு வைத்தார்கள். இரண்டாம் நாள் சாயந்திரம் குழந்தை கத்தியது பாருங்கள், வார்டே திரும்பிப் பார்த்தது. தாரணி பால் கொடுத்துக்கொண்டே அழுதாள், நானும் அழுதேன். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

எனக்கு ஒரு மெமோவும் வந்தது. மனிதக் குழந்தையை எருமை எனப் பதிவு செய்ததன் மூலம் கால்நடைக் கணக்கெடுப்பில் பிழை ஏற்படுத்தியது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டுமாம். குழந்தை எப்படி இருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை.

மூன்றாம் நாள் நிகிலேஷ் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது. மூன்று நாளாக ஒரு படம் எடுக்கவில்லை.

"கம்பெனிக்கு எழுதிட்டனுங்க சிஸ்டர். அந்த மஞ்சள் விதியை உடனே எடுக்கச் சொல்லி."

"என்ன சொன்னாங்க?"

"ஆவணி முகூர்த்தம் வருதாம். கல்யாண சீசன் முடியட்டும், அப்புறம் பாக்கலாங்கறாங்க." சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நலக்கண்ணுக்கு மட்டுமாவது நிறுத்துங்கன்னேன். அது வேற டீமாமா."

எனக்கு அவன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் அந்தக் கேள்வி வாயில் வந்தது. "தை மாசத்திலிருந்து நலக்கண்ணுல எத்தனை சிவப்பு எரிஞ்சிருக்கு தம்பி? உங்களால பாக்க முடியுமா?"

அவன் மடிக்கணினியைத் திறந்து கொஞ்ச நேரம் தட்டினான். நிமிர்ந்து என்னைப் பார்க்காமலே சொன்னான். "மார்கழில உங்க வட்டாரத்துல மட்டும் பதினாறு. தைக்கு அப்புறம் ஒண்ணுகூட இல்லீங்க."

பங்குனியில் எங்கள் வட்டாரத்துக்கு விருது கொடுத்தார்கள். காமாலை இல்லா வட்டாரம். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், கேடயம் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். மேடையில் நான் ரோஜாப்பூவாக நின்றேன். பதினேழு வருடம் வேலை பார்த்தவளுக்கு, இத்தனை பிள்ளையில் ஒன்றுக்குக்கூடக் காமாலை வராமல் இருக்குமா என்று ஒரு தடவை தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. கைதட்டினார்கள், கும்பிட்டேன், ஜாங்கிரி கொடுத்தார்கள், சாப்பிட்டேன். காமாலைக் கண்ணுக்காவது மஞ்சள் தெரிந்து தொலைக்கும். என் கண்ணுக்கு அதுவும் தெரியவில்லை.

தைக்குப் பிறகு என் கிராமங்களில் பிறந்தவை பத்து. தாரணியின் பிள்ளையைக் கழித்தால் ஒன்பது. ஒன்பதுக்கும் பச்சை எரிந்தது, ஒன்பதுக்கும் நான் கையெழுத்துப் போட்டேன். அதில் எத்தனை பிள்ளைகளை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தேன் என்று யோசித்தேன். ஒன்றைக்கூட இல்லை. ஆறுச்சாமி வீட்டில்கூட, அவர் எலுமிச்சை எலுமிச்சை என்று பீற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் நான் டேப்லெட்டைத்தான் பார்த்திருப்பேன்.

மறுநாளே வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டில் பிள்ளை என் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. இரண்டாம் வீட்டில் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. மூன்று, நான்கு, ஐந்து என்று போகப் போக எனக்கு மூச்சு வந்தது. எட்டாவது வீட்டில் காப்பிகூடக் குடித்தேன். கடவுள் இருக்கிறார் என்று அங்கே உட்கார்ந்து சத்தமாகவே சொன்னேன்.

ஒன்பதாவது, மில்லுக்குப் போகிற ஜீவிதாவின் வீடு. மாசியில் பிறந்த பையன், ஐந்தாம் மாதம் நடக்கிறது. சுவர் நிறைய அவன் படம். பிறந்த அன்று, பேர் வைத்த அன்று, மொட்டை போட்ட அன்று. எல்லாவற்றிலும் தகதகவென்று இருந்தான். பிள்ளை பாயில் மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா! எங்க இந்தப் பக்கம்?" என்று ஜீவிதா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "உங்களைத்தான் நெனச்சுட்டே இருப்பனுங்க. பொறந்தப்ப ரெண்டு வாரம் பால் குடிக்காம தூங்கிட்டே கெடந்தானே, நான்கூட அழுதனே, நீங்கதானுங்கக்கா பச்சை எரியுது, ஒண்ணுமில்ல, தைரியமா இருன்னு சொன்னீங்க."

நான் அவனைத் தூக்கினேன். உடம்பு விறைத்து, தலை பின்னால் போய், என் கையில் வில்லாக வளைந்தான்.

"பலசாலியாக்கும்" என்று அவள் சிரித்தாள். "அவங்கப்பா, பெரிய பயில்வானா வருவான்னு சொல்றாரு."

பாயில் படுக்க வைத்தேன். அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, சத்தமாக ஒரு தடவை கைதட்டினேன். அவன் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் வந்து தட்டினேன். அங்கே கிடந்த எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் போட்டேன். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. பிள்ளை இமைக்கக்கூட இல்லை.

ஜீவிதா வாய் நிறையச் சிரித்தாள்.

"நீங்க என்ன பண்ணாலும் அழ மாட்டானுங்கக்கா" என்றாள். "வீட்ல மிக்ஸி ஓடுனாக்கூட முழிக்க மாட்டான். அவ்வளவு சமத்து."